விடிய மூன்று மணிக்குக் கடலுக்கு எழும்புகிற மகன், புத்தகத்தைத் தொடுகிறான் இல்லை

திருக்கடலூர் அம்மா கேட்டது:

வணக்கம். பிள்ளை வளர்க்கிறவர்களும் ஆசிரியர்களும் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்பதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரே மகன். தரம் 10 படிக்கிறான். எட்டாம் வகுப்பு வரைக்கும் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கிற சின்னப் பள்ளிக்கூடத்தில் இருந்தான். வகுப்பில் 22 பிள்ளைகள். அநேகமாக எல்லாத் தவணையும் முதலாம் பிள்ளை அவன்தான். ஊரில் "மூளைக்காரன்" என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான் சொல்லிச் சொல்லி வளர்த்தேன். ஒன்பதாம் வகுப்புக்குத் திருகோணமலை டவுனில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. நான்தான் கடிதங்களைக் கொண்டு அலைந்து திரிந்து எடுத்தேன். "உனக்கு விருப்பமா" என்று அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவும் இல்லை.

அங்கே முதல் தவணை கணக்கில் 71. அடுத்த தவணை 54. நான் பயந்துபோய், 65க்கு மேல் எடுத்தால் போன் வாங்கித் தருகிறேன் என்றேன். 66 எடுத்தான். சீட்டுக் காசில் வாங்கிக் கொடுத்தேன். அதோடு சரி. பத்தாம் வகுப்பு முதல் தவணை 47, போன தவணை 38. அந்த றிப்போட்டை எனக்குக் காட்டவே இல்லை. இவருடைய வாடியில் (வலை வைக்கிற கொட்டில்) வலைக்கு அடியில் நாலாய் மடித்து வைத்திருந்தான். மீன் செதிலோடு எடுத்தேன்.

இதே பிள்ளை சனிக்கிழமை விடிய மூன்று மணிக்கு, யாரும் எழுப்பாமல் எழும்புகிறான். ஐஸ் பெட்டியைத் தூக்கி வைத்து, எண்ணெய்க் கானைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, தகப்பனுக்கு முன்னே படகடியில் நிற்பான். போன மாதம் இஞ்சின் கடலில் நின்றுவிட்டதாம். பிளக்கைக் கழற்றித் துடைத்து, எண்ணெயில் தண்ணீர் கலந்திருப்பதைக் கண்டுபிடித்து இயக்கியது மகன்தான் என்று இவர் வந்து சொன்னார். எனக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. கடலுக்குப் போகக்கூடாது என்றுதானே இந்தப் பாடு.

ரியூசன் இரண்டு இடத்தில் போட்டேன். போனை வாங்கி அலுமாரியில் பூட்டினேன். பெரியம்மா மகளோடு ஒப்பிட்டு ஏசினேன். போன கிழமை இரவு, சாப்பிட்ட கோப்பையைக் கழுவிக்கொண்டே திரும்பிப் பாராமல் சொன்னான்: "நான் மொக்கன், அம்மா. இன்னும் விளங்கேல்லையா? விடுங்கோ." அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

பெற்றோர் கூட்டம் ஒன்றில் பேச வந்த வளவாளர் ஒருவர், பிள்ளையின் புத்தியைவிட மனவெழுச்சி நுண்மதியும் ஊக்கலும்தான் புள்ளிகளைத் தீர்மானிக்கும் என்று சொன்னார். எழுதிக்கொண்டு வந்தேன். ஆனால் அது என் பிள்ளையின் 38க்குள் எப்படி வேலை செய்கிறது என்று விளங்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவனை நான் எப்படிப் பிடிப்பது?

கிண்ணியா கணித ஆசிரியர் (ஓய்வு):

தங்கச்சி, உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். நான் 31 வருடம் கணக்குப் படிப்பித்தவன். உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகள் என் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். முதல் பத்து வருடம் அவர்களை நான் சோம்பேறிகள் என்றே நினைத்திருந்தேன். அந்தப் பிள்ளைகளிடம் இப்போது மன்னிப்புக் கேட்க முடிந்தால் கேட்பேன்.

முதலில் அந்தச் சொற்களைப் பார்ப்போம். ஊக்கல் என்பது ஒன்றைச் செய்யவைக்கிற உந்துதல். மனவெழுச்சி நுண்மதி என்பதை 1990இல் பீற்றர் சலோவே, ஜோன் மேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஆய்வுக்குள் கொண்டுவந்தார்கள். தன் மனதில் என்ன ஓடுகிறது என்று கண்டுபிடிப்பது, அது ஏன் வந்தது என்று விளங்கிக்கொள்வது, அதைக் கையாள்வது, மற்றவர் முகத்தையும் வாசிப்பது, இவ்வளவும் அதற்குள் அடக்கம். நல்ல பிள்ளை, அமைதியான பிள்ளை என்ற அர்த்தம் அதற்கு இல்லை. 2020இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தின் கரோலின் மெக்கான் குழுவினர் 160க்கு மேற்பட்ட ஆய்வுகளை, 42,000க்கு மேற்பட்ட மாணவர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். இந்தத் திறன் கூடிய பிள்ளைகளுக்குப் புள்ளிகளும் கூடுதலாக இருந்தன. புத்தியையும் உழைப்பையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு மிஞ்சியது. ஆனால் புத்திக்கும் விடாமுயற்சிக்கும் அடுத்த மூன்றாவது இடத்தில்தான் அது நின்றது. ஆகவே "புத்தியைவிட" என்று வளவாளர் சொன்னது கொஞ்சம் கூடிப்போய்விட்டது. அதை நம்பிப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.

அது 38க்குள் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டீர்கள். என் வகுப்பில் கண்டதைச் சொல்கிறேன். ஒரு தவணை, வினாத்தாள் திருத்திக் கொடுத்த பிறகு பிள்ளைகளிடம், "கொப்பியின் கடைசிப் பக்கத்தில், ஒவ்வொரு கேள்வியைக் கண்டதும் மனதில் என்ன வந்தது என்று எழுதுங்கள், நான் புள்ளி போடமாட்டேன்" என்றேன். கேத்திர கணிதத்தை முழுதாக வெறுமையாக விட்டிருந்த ஒரு பையன் எழுதியிருந்தான்: "படத்தைக் கண்டதும் வயிற்றுக்குள் ஏதோ செய்தது. பக்கத்தைத் திருப்பிவிட்டேன்." அந்தப் பையனுக்குத் தேற்றங்கள் தெரியும். அடுத்த நாள் கரும்பலகையில் செய்து காட்டினான். பரீட்சை மண்டபத்தில் அவன் கேள்வியை வாசிக்கவே இல்லை. வயிற்றுக்குள் வந்ததற்குப் பயம் என்று பெயர் வைக்கவும், அது கொஞ்ச நேரத்தில் அடங்கும் என்று பொறுத்திருக்கவும் யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நானும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவனுடைய இருபது புள்ளி அங்கேதான் போனது.

இனி உங்கள் மகன். நீங்கள் எழுதியதில் மூன்று இடத்தில் என் மனம் நின்றது.

"மூளைக்காரன்" என்ற சொல் ஒன்று. 1998இல் கிளோடியா முல்லரும் கரோல் டுவெக்கும் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு பரிசோதனை செய்தார்கள். இலகுவான புதிர்களைச் செய்ததும் சிலரிடம் "நீ புத்திசாலி" என்றார்கள், சிலரிடம் "நன்றாக முயன்றாய்" என்றார்கள். பிறகு எல்லோருக்கும் கடினமானவற்றைக் கொடுத்துத் தோற்கவைத்தார்கள். அதற்குப் பின் மீண்டும் இலகுவானவை வந்தபோது, புத்திசாலி என்று கேட்ட பிள்ளைகள் முதலில் செய்ததைவிடக் குறைவாகச் செய்தார்கள். மற்றவர்கள் கூடுதலாகச் செய்தார்கள். இன்னொன்றும் நடந்தது: எத்தனை சரி என்று பிறகு எழுதச் சொன்னபோது, புத்திசாலி என்ற பிள்ளைகளில் பத்துக்கு நான்கு பேர் கூட்டி எழுதினார்கள். வலைக்கு அடியில் மடித்து வைத்த றிப்போட்டை நினைத்துப் பாருங்கள். மூளைக்காரன் என்ற பெயர் பறிபோகிறதைத் தாயிடம் காட்ட எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்?

போன் அடுத்தது. அது உங்களுக்கே தெரிந்துவிட்டது. 1973இல் மார்க் லெப்பரும் கூட்டாளிகளும் பாலர் பாடசாலைப் பிள்ளைகளிடம், விருப்பத்தோடு படம் கீறுகிறவர்களிடம், "கீறினால் சான்றிதழ் தருவோம்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒன்றிரண்டு கிழமைக்குப் பின் அதே பேனைகளைச் சும்மா வைத்தபோது அந்தப் பிள்ளைகள் முன்பு கீறியதைவிட மிகக் குறைவாகவே கீறினார்கள். சான்றிதழுக்காகக் கீறுகிறேன் என்று மனம் பழகிவிட்டது. உங்கள் பிள்ளையும் போனுக்குப் படித்தான், போன் வந்தது, வேலை முடிந்தது.

மற்றது கடல். ஊக்கல் இல்லாத பிள்ளை மூன்று மணிக்கு எழும்பமாட்டான். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இருவர் பல வருடம் ஆராய்ந்து சொன்னது இது: மனிதனுக்குள்ளிருந்து விருப்பம் ஊற மூன்று வேண்டும். என் முடிவில் செய்கிறேன் என்ற எண்ணம், எனக்கு இது கைவருகிறது என்ற எண்ணம், இங்கே நான் வேண்டப்பட்டவன் என்ற எண்ணம். படகில் மூன்றும் அவனுக்குக் கிடைக்கின்றன. வகுப்பில் எது கிடைக்கிறது என்று அவனிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். புள்ளியைப் பற்றிக் கதைக்கவேண்டாம். முகத்துக்கு நேரே உட்கார்ந்து கேட்கவும் வேண்டாம். ஏதாவது வேலை செய்துகொண்டு பக்கத்தில் இருக்கும்போது கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கும் மட்டும் புத்தி சொல்லாதீர்கள். இதுதான் கஷ்டமான வேலை.

சம்பூரான்:

அக்கா, சேர் சொன்னதை மதிக்கிறேன், ஆனால் எனக்கு முழுதாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. நாங்கள் 2006இல் போரால் ஊரைவிட்டு எழும்பினோம். நான் ஓ.எல் (தரம் 11 பொதுப் பரீட்சை) எழுதினது கிளிவெட்டி அகதி முகாமில். தகரக் கொட்டிலுக்குள் பகலில் இருக்க முடியாது, இரவில் குப்பி விளக்கு. என் மனதில் என்ன ஓடுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. படி என்றார்கள், படித்தோம். இப்போது பிள்ளைக்கு ஒரு முகச்சுளிப்பு வந்தாலும் நாங்கள் பயந்துவிடுகிறோம். விடியப் படிக்கிற பழக்கம், எழுதிப் பார்க்கிற பழக்கம் இல்லாமல் மனதை மட்டும் தடவிக்கொண்டிருந்தால் ஓ.எல் வந்து நிற்கும்போது என்ன செய்வது?

இன்னொன்று. சின்னப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் எட்டாம் வகுப்புப் பாடம் ஒழுங்காக முடிந்ததா என்று பாருங்கள். எங்களுடைய பக்கத்தில் கணக்கு ரீச்சர் இல்லாமலே ஒரு வருடம் போன பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. பின்னம் தெரியாத பிள்ளைக்கு எந்த ஊக்கல் கொடுத்தும் சமன்பாடு வராது. கண்ணையும் ஒருக்கால் காட்டுங்கள். என் தங்கச்சி கரும்பலகை தெரியாமல் இரண்டு வருடம் பேசாமல் இருந்தாள்.

குறை சொல்ல எழுதவில்லை அக்கா. அந்தப் பிள்ளை தப்பவேண்டும் என்ற ஆசைதான்.

திருக்கடலூர் அம்மா:

இரண்டு பேருக்கும் நன்றி. தம்பி, நீங்கள் சொன்னது சரி. எட்டாம் வகுப்பில் இரண்டு தவணை கணக்குக்கு ஆள் இல்லை, விளையாட்டு ஆசிரியர்தான் வந்து பார்த்துக்கொண்டார். முதலாம் பிள்ளை என்றதால் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கண்ணும் காட்டினேன், குறை இல்லை.

சேர் சொன்னபடி செய்தேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இவர் கொண்டுவந்த சூடை மீனை இரண்டு பேரும் குந்தியிருந்து ஆய்ந்தோம். முதல் இருபது நிமிடம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, "அந்தப் பள்ளிக்கூடத்துக்கு உன்னைக் கேட்காமல் அனுப்பிவிட்டேன், அது என்னுடைய பிழை" என்றேன். அவன் கையிலிருந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் சொன்னான். ஒன்பதாம் வகுப்பில், முதல் மாதம். கடலிலிருந்து வந்து அவசரமாகக் குளித்துவிட்டுப் போன ஒரு நாள், பக்கத்தில் இருந்த பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு கதிரையைத் தள்ளிப் போட்டிருக்கிறான். பின்வரிசையில் சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து ஒரு பட்டப்பெயர். நான் அதை இங்கே எழுத விரும்பவில்லை. அடுத்த கிழமை கணக்குப் பாடத்தில் விளங்காத ஒன்றைக் கேட்க எழும்பியபோது, யாரோ அந்தப் பெயரைச் சொல்ல வகுப்பே சிரித்ததாம். படிப்பித்தவர் சிரித்தவர்களையும் ஏசவில்லை, கேள்விக்குப் பதிலும் சொல்லவில்லை, "இரு" என்றாராம். ஒன்றரை வருடமாக இவன் ஒரு பாடத்திலும் கை தூக்கவில்லை.

பள்ளிக்கூட நாளில் கடலுக்குப் போவதை அவன் அப்போதே நிறுத்திவிட்டான். நான் படிப்பில் அக்கறை வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். குளிக்கும்போது இரண்டு தரம் சவர்க்காரம் போடுவதைப் பார்த்து, வயது வந்துவிட்டது என்று நினைத்தேன்.

சேர், நான் புத்தி சொல்லவில்லை. அழுதேன். அவன் தோள்மூட்டால் என் கண்ணைத் துடைத்துவிட்டான், கையெல்லாம் மீன் என்று. அந்தக் கையை நான் பிடித்து முகர்ந்தேன். இந்த மணத்தில்தான் நான் பிறந்து வளர்ந்தேன், உன் அப்பாவைக் கட்டினேன் என்றேன். வேறு என்ன சொல்ல?

கோணேசபுரி மாணவி:

அம்மா, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். நான் கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிறேன். எனக்கு ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) முதல் தரம் சரிவரவில்லை. காரணம் பயம். உயிரியல் வினாத்தாளைக் கையில் வாங்கியதும் எழுத்துகள் மங்கிப்போயின. இரண்டாம் தரம் எழுதும்போது ஒரு அக்கா சொல்லித் தந்ததைச் செய்தேன். பரீட்சைக்குப் போகுமுன் ஒரு தாளில் பத்து நிமிடம், இந்தப் பரீட்சையைப் பற்றி என்ன பயம் என்று நிறுத்தாமல் எழுதுவேன். "பெயில் விட்டால் அப்பா ஒன்றும் சொல்லமாட்டார், அதுதான் பயம்" என்றெல்லாம் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டு உள்ளே போவேன். பிறகுதான் அறிந்தேன், இதை ஜெரார்டோ ரமிரெஸ், சியான் பைலொக் என்ற இருவர் 2011இல் ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடமும் செய்து பார்த்திருக்கிறார்கள். பரீட்சைப் பயம் கூடிய பிள்ளைகளுக்குத்தான் அது பயன்பட்டது. கவலை மனதுக்குள் சுற்றிக்கொண்டிருந்தால் கணக்குச் செய்ய வேண்டிய இடத்தை அதுவே பிடித்துக்கொள்கிறது என்பது அவர்களுடைய விளக்கம். தம்பிக்குச் சொல்லிப் பாருங்கள், கட்டாயப்படுத்தவேண்டாம்.

நித்திரையையும் பாருங்கள். 13 வயதிலிருந்து 18 வரைக்கும் எட்டு முதல் பத்து மணித்தியாலம் வேண்டும். பதின்ம வயதில் உடம்பின் கடிகாரமே பிந்திப்போகும், அதனால் இரவு பதினொரு மணிக்கு முன் நித்திரை வருவது கஷ்டம். அதற்கு மேல் இரண்டு ரியூசன். எதையும் மனதில் நிறுத்த முடியாமல்போவதற்கு அதுவே காணும். ஒரு ரியூசனை நிறுத்தலாமா என்று அவனிடமே கேளுங்கள்.

"நான் மொக்கன், விடுங்கோ" என்று சொன்னதை மட்டும் இலேசாக விடாதீர்கள். சாப்பாடு குறைந்தால், கடலுக்குப் போவதிலும் விருப்பம் விட்டுப்போனால், காத்திருக்கவேண்டாம். 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், இலங்கையின் தேசிய மனநல நிறுவனத்தின் சேவை. பள்ளிக்கூடத்தில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் இருந்தால், பட்டப்பெயர் விசயத்தை அவரிடம் போய்ச் சொல்லுங்கள். ஆனால் தம்பியிடம் கேட்டுவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் அவனைக் கேட்காமல் செய்த காரியங்களில் இதுவும் ஒன்றாகிவிடும்.

கிண்ணியா கணித ஆசிரியர் (ஓய்வு):

மகள், அருமையாகச் சொன்னீர்கள். தங்கச்சி, நீங்கள் மீன் ஆய்ந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டு எழும்பி வெளியே போனேன். நானும் ஒரு பிள்ளையிடம் "இரு" என்று சொன்னவன்தான். அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. "பாதை" என்கிற மிதவைப் படகில் ஏறி வருகிற பையன் ஒருவன் தினமும் பிந்துவான். ஒரு நாள் எல்லோருக்கும் முன்னால் அவனை ஏசிவிட்டு, அவன் கேட்ட கேள்வியையும் தட்டிவிட்டேன். அடுத்த தவணை அவன் வரவில்லை. அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

சம்பூர்த் தம்பிக்கு: நீங்கள் அடித்தளத்தைப் பற்றிச் சொன்னதுதான் இந்த இழையிலேயே மிகப் பயனுள்ள வார்த்தை. கைவருகிறது என்ற எண்ணம் வாயால் சொல்லி வராது, கணக்குச் சரிவந்தால்தான் வரும். ஆனால் முகாமில் உங்களுக்கு ஊக்கல் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஊருக்குத் திரும்பவேண்டும், வீட்டைத் தூக்கி நிறுத்தவேண்டும் என்பது எவ்வளவு பெரிய ஊக்கல்! உங்களோடு அந்த விளக்கடியில் இருந்து படிக்காமல் போனவர்கள் எத்தனை பேர் என்றும் நினைத்துப் பாருங்கள். அவர்களும் உறுதியில்லாத பிள்ளைகள் அல்ல.

இனிச் செய்யவேண்டியது. பத்தாம் வகுப்புப் புத்தகத்தை ஒரு மாதம் மூடிவைக்கலாம். எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் பின்னம், பிறகு விகிதம், பிறகு எளிய சமன்பாடு. ஒரு நாளைக்கு இருபது நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். எந்த நேரம் என்பதை அவன் தீர்மானிக்கட்டும். சரிவந்தால் "கெட்டிக்காரன்" என்று சொல்லாமல், "இதை எப்படிச் செய்தாய்?" என்று கேளுங்கள். உங்களுக்குக் கணக்கு விளங்காவிட்டாலும் கேளுங்கள், விளங்கப்படுத்துகிறவனுக்குத்தான் அது பதியும்.

விகிதம் வரும்போது தகப்பனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படகு இஞ்சினுக்குப் பெற்றோலும் ஒயிலும் கலக்கிறார் அல்லவா, அதுவே விகிதம்தான். உயர்தரத்தில் 2013 முதல் தொழினுட்பத்துறை இருக்கிறது, அதில் பொறியியல் தொழினுட்பம் ஒரு பாடம். திருகோணமலையிலேயே தொழினுட்பக் கல்லூரியும் இருக்கிறது. இஞ்சினை இவ்வளவு நேசிக்கிற பிள்ளைக்கு இவை தெரிந்திருப்பது நல்லது. தொழினுட்பத்துறைக்குப் போகக் கணக்குச் சித்தியடையவேண்டும் என்பதையும் அப்போது அவனாகவே அறிந்துகொள்வான். இதைப் போன் கொடுத்த மாதிரிக் கொடுக்கவேண்டாம். தெரியப்படுத்திவிட்டு விட்டுவிடுங்கள். கடலை அவனுக்குத் தண்டனையாகவும் ஆக்காதீர்கள். படிக்காவிட்டால் படகுக்கு விடமாட்டேன் என்று ஒருநாளும் சொல்லவேண்டாம். அவன் தன்னை மதிக்கிற இடம் இப்போதைக்கு அது ஒன்றுதான்.

சம்பூரான்:

சேர், விளங்குது. கிளிவெட்டியில் ஒரு ரீச்சர் தினமும் பின்னேரம் எங்களுடைய கொட்டிலுக்கு வந்து, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் கொப்பியைத் திறப்பார். நான் இவ்வளவு நாளும் அவரைப் படிப்பித்தவர் என்று மட்டும் நினைத்திருந்தேன். அக்கா, என்னிடம் பழைய வினாத்தாள்கள் கட்டாக இருக்கின்றன. டவுனுக்கு வரும்போது கொண்டுவந்து தருகிறேன்.

திருக்கடலூர் அம்மா:

ஐந்து கிழமை கழித்து எழுதுகிறேன். இடையில் எழுத ஒன்றும் இல்லை என்பதால் எழுதவில்லை. முதல் பத்து நாள் அவன் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஒரு நாள் பொறுக்கமுடியாமல் ஏசியும்விட்டேன், பிறகு போய் மன்னிப்புக் கேட்டேன்.

ஒரு ரியூசனை நிறுத்தினோம். எது என்று அவன்தான் சொன்னான். நான் நல்லது என்று நினைத்திருந்ததைத்தான் நிறுத்தச் சொன்னான். எண்பது பிள்ளைகளுக்குள்ளே இருந்து ஒன்றும் கேட்க ஏலாது என்றான். போனைத் திருப்பிக் கொடுத்தேன். இரவு ஒன்பதரைக்கு அவனே கொண்டுவந்து என் மேசையில் வைக்கவேண்டும் என்று இரண்டு பேரும் கதைத்து முடிவெடுத்தோம். கிழமையில் நாலு நாள் வைக்கிறான்.

பட்டப்பெயர் விசயமாகப் போகவா என்று கேட்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, "அப்பா வரட்டும்" என்றான். இவர் கடலுக்குப் போகாமல், வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு போனார். ஆலோசனை ரீச்சர் உட்காரவைத்து முழுதாகக் கேட்டாராம். அந்தப் பையனையும் தனியாகக் கூப்பிட்டுக் கதைத்திருக்கிறார். பெயர் முற்றாக நிற்கவில்லை, ஆனால் குறைந்துவிட்டது என்கிறான். போன கிழமை விஞ்ஞானப் பாடத்தில் ஒரு தரம் கை தூக்கினானாம். சொல்லும்போது முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டான். நானும் ஒன்றும் பெரிதுபடுத்தவில்லை.

சனிக்கிழமை கலவைக் கணக்கு வந்தது. இருபது லீற்றர் பெற்றோலுக்கு ஒயில் எவ்வளவு என்று இவர் கேட்டார். இவர் எப்போதும் கண் அளவில் ஊற்றுகிற ஆள். மகன் கொப்பியில் ஐம்பதுக்கு ஒன்று என்று எழுதி, பிரித்து, நானூறு மில்லிலீற்றர் என்றான். அளந்து பார்த்தால் இவர் இத்தனை வருடமும் கூடுதலாக ஊற்றிவந்திருக்கிறார். பிளக் அடிக்கடி கறுத்துப்போவதற்கு அதுவும் காரணம் என்று மகன் விளங்கப்படுத்த, இவர் கேட்டுக்கொண்டு நின்றார்.

மூன்றாம் தவணைப் பரீட்சை இனித்தான். எவ்வளவு வரும் என்று தெரியாது.

சேர், எட்டாம் வகுப்புப் பின்னமும் விகிதமும் முடிந்துவிட்டன. சமன்பாட்டில் அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் வந்தால் உள்ளே இருக்கிற குறி ஏன் மாறுகிறது என்று விளங்கவில்லையாம். உங்களிடம் கேட்கச் சொன்னான்.